ஆங்கில வகுப்பில் யார் என்ன பேசலாம்? பேச்சுச் செயல்கள் பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எட். படிப்பவர்கள் 'ஸ்பீச் ஆக்ட்ஸ்' என்ற தலைப்பில் ஐந்து வகைகளை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதிவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளை ஒட்டியவை. ஆங்கில வாக்கியங்களை நம் பிள்ளைகள் வாயில் வருகிறபடியே எழுதியிருக்கிறேன்.

பேச்சுச் செயல் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பேசும்போது நாம் தகவல் மட்டும் சொல்வதில்லை. பேச்சாலேயே ஒரு காரியத்தை முடிக்கிறோம். "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்" என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. "மன்னிச்சுக்குங்க" என்றால் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்த ஜே. எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதை விரிவாகப் பேசினார். 1960-ல் அவர் இறந்தார். அந்த உரைகள் 1962-ல் புத்தகமாக வந்தன.

ஒரு பேச்சை அவர் மூன்று அடுக்காகப் பார்த்தார். ஆசிரியை உள்ளே வந்து "இட்ஸ் வெரி நாய்ஸி ஹியர்" என்கிறார் என்று வையுங்கள். இங்கே சத்தமாக இருக்கிறது என்ற சொற்பொருள் முதல் அடுக்கு. அதைச் சொல்வதன் மூலம் அமைதியாக இருக்கும்படி ஏவுகிறாரே, அது இரண்டாவது. கேட்டவர்களிடம் விளைவது மூன்றாவது: முன் பெஞ்ச் அடங்குகிறது, கடைசி பெஞ்ச் அடங்குவதில்லை. லொக்யூஷனரி, இல்லொக்யூஷனரி, பெர்லொக்யூஷனரி என்று தேர்வில் எழுதுவது இவற்றைத்தான். நமக்கு வேண்டியது பெரும்பாலும் நடு அடுக்கு.

அந்த ஐந்து வகை?

அது ஆஸ்டினுக்குப் பிறகு வந்த ஜான் செர்ல், 1970-களின் நடுவில் வகுத்தது. வகுப்பறையை வைத்தே சொல்லிவிடலாம். ஒன்றை உண்மை என்று உரைப்பது ("த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்"). ஒருவரை ஒன்றைச் செய்ய ஏவுவது ("ஓபன் யுவர் புக்ஸ்"). தான் ஒன்றைச் செய்வதாகப் பொறுப்பேற்பது ("ஐ வில் கிவ் த பேப்பர்ஸ் டுமாரோ"). மனத்தில் இருப்பதைத் தெரிவிப்பது, அதாவது பாராட்டு, நன்றி, வருத்தம். கடைசி வகை, சொன்ன மாத்திரத்தில் நிலைமையையே மாற்றிவிடும் அறிவிப்பு: "யூ ஆர் த கிளாஸ் லீடர்" என்று ஆசிரியர் சொன்ன கணமே அந்தப் பிள்ளை லீடர். பக்கத்து பெஞ்ச் பையன் அதையே சொன்னால் ஒன்றும் ஆகாது.

ஒரே வாக்கியம் இரண்டு மூன்று வகையில் விழுவதும் உண்டு. "டுமாரோ டெஸ்ட்" என்பது அறிவிப்பா, படிக்கச் சொல்லும் ஏவலா, மிரட்டலா? குரலையும் முந்தின ஐந்து நிமிடத்தில் நடந்ததையும் வைத்துத்தான் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். அவர்கள் கணிப்பு அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

வகைகளை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த ஐந்தையும் ஆசிரியர் ஒரு பீரியடுக்குள் செய்துவிடுகிறார். மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை மட்டும், அதுவும் கேட்டால்தான். பத்து, பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வருகிறது. கேட்கவோ மறுக்கவோ புகார் சொல்லவோ சமாதானப்படுத்தவோ வரவில்லை. சொல்வளம் போதவில்லை, கூச்சம் என்று காரணம் சொல்கிறோம். அந்தச் செயல்களை ஆங்கிலத்தில் செய்து பார்க்க அந்தப் பிள்ளைக்கு நாம் ஒரு நாளும் இடம் தரவில்லை என்பதுதான் பெரிய காரணம் என்பேன்.

இப்படிப் பேச்சைச் செயலாகப் பார்ப்பது மேற்கத்தியச் சிந்தனை மட்டுமா? தமிழில் ஏதும் உண்டா?

உண்டு. அதுவும் உங்கள் மாணவர்களின் தமிழ்ப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பத்தாம் வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். இந்தப் பிரிவினையில் வாக்கிய வடிவத்துக்கு வேலையே இல்லை. ஆறும் பார்வைக்குக் கேள்விகள்தான். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார், அவருக்குப் பதில் தெரியுமா தெரியாதா, வாங்க நினைக்கிறாரா கொடுக்க நினைக்கிறாரா, வேலை ஏவுகிறாரா என்பதை வைத்தே வகை பிரிகிறது. கடைக்காரரிடம் "துவரம்பருப்பு இருக்கா?" என்பது கொளல்வினா. "உனக்குச் சட்டை இருக்கா?" என்று எடுத்துக்கொடுக்க நினைத்து அப்பா கேட்பது கொடைவினா. "கடைக்குப் போறியா?" என்று அம்மா கேட்டால் அது ஏவல்வினா, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அறிவினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் உதாரணம், ஆசிரியர் தனக்குத் தெரிந்த ஒன்றை மாணவரிடம் கேட்பது. இன்றைய வகுப்பறை ஆய்வாளர்கள் 'டிஸ்ப்ளே கொஸ்டின்' என்று பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைப் பற்றித்தான்.

விடைகள் எட்டு. சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாகின்றவை. "ஆடுவாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். "ஆடுவாயா?" என்றதற்கு "பாடுவேன்" என்றால் இனமொழி. இவற்றில் எதிலும் 'மாட்டேன்' இல்லை. ஆனாலும் மறுப்பு கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. செர்ல் 1975-ல் மறைமுகப் பேச்சுச் செயல்கள் பற்றி எழுதிய கட்டுரையில் கொடுத்த முதன்மையான உதாரணமும் இதே மாதிரிதான்: இன்றிரவு சினிமாவுக்குப் போவோமா என்கிறார் ஒருவர், எனக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்கிறார் மற்றவர். நம் கணக்கில் அது இனமொழிக்கோ உறுவது கூறலுக்கோ பக்கத்தில் வரும்.

நன்னூலாரும் செர்லும் ஒரே கோட்பாட்டைச் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பவணந்தியார் இலக்கணம் செய்தார்; செர்ல் மொழித் தத்துவம் செய்தார். ஆனால் மூன்றாவது பீரியடில் எட்டு வகை விடையையும் உதாரணத்தோடு எழுதும் பிள்ளை, நாலாவது பீரியடில் ஆங்கிலத்தில் 'எஸ்', 'நோ' என்ற நேர்விடை, மறைவிடையோடு நின்றுவிடுவது வேடிக்கையாக இல்லையா? தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே நல்ல பாடம் ஒன்று கிடைக்கும்.

ஆசிரியர் கேட்கும் கேள்விகள் எல்லாம் உண்மையில் கேள்விகளா?

பாதிக்கு மேல் இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேரும் மால்கம் கூல்த்தார்டும் இங்கிலாந்து வகுப்பறைகளில் பதிவு செய்த பேச்சை ஆராய்ந்து 1975-ல் புத்தகமாக்கினார்கள். அவர்கள் கண்ட அடிப்படை அமைப்பு மூன்று அசைவு கொண்டது. ஆசிரியர் தொடங்குகிறார், மாணவர் பதில் சொல்கிறார், ஆசிரியர் அதன் மேல் ஒரு வார்த்தை சொல்லி மூடுகிறார்.

"வாட் இஸ் த பாஸ்ட் டென்ஸ் ஆஃப் கோ?"
"வென்ட், மிஸ்."
"வெரி குட். சிட் டவுன்."

மாட்டுத்தாவணியில் ஒருவரிடம் "திருச்சி பஸ் எங்கே நிக்கும்?" என்று கேட்டு, அவர் பிளாட்பாரத்தைக் காட்டியதும் "வெரி குட், உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது அசைவு வகுப்பறைக்கே உரியது என்பது அப்போது புரியும்.

அதே புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. ஆசிரியர் ஒலிநாடாவில் ஒருவரின் உச்சரிப்பைப் போட்டுக் காட்டுகிறார். ஒரு மாணவர் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறாய் என்று ஆசிரியர் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. ஆசிரியர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த உச்சரிப்பு ஏன் சிரிப்பை வரவழைக்கிறது என்பதுதான் அன்றைய பாடமே. மாணவருக்கோ அது திட்டுவது போலக் கேட்டது. வகுப்பில் 'என்ன சிரிப்பு?' என்ற கேள்விக்கு வேறு அர்த்தம் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"கேன் யூ ஓபன் த விண்டோ?" என்றால் "எஸ் மிஸ்" என்று உட்கார்ந்தே இருக்கிறான். குறும்பா?

சில சமயம் குறும்புதான். பெரும்பாலும் நாம் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. 'கேன்' என்பதை 'ஐ கேன் ஸ்விம்', 'பேர்ட்ஸ் கேன் ஃப்ளை' என்று திறமைக்கான சொல்லாகவே கற்பிக்கிறோம். திடீரென்று ஒரு நாள் அதை ஏவலுக்குப் பயன்படுத்தினால் பிள்ளை என்ன செய்யும்? சின்க்ளேரும் கூல்த்தார்டும் இதற்கு ஒரு விதி தருகிறார்கள். கேள்வி வடிவ வாக்கியம், அதில் கேன், குட், வில், வுட் போன்ற ஒரு துணைவினை, எழுவாய் எதிரில் இருப்பவர், சொல்லப்படும் செயல் அந்த நேரத்தில் செய்யக்கூடியது. இத்தனையும் சேர்ந்தால் அது ஏவல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த விதியைச் சொல்ல வேண்டாம், "கடைக்குப் போறியா?" என்று வீட்டில் கேட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டால் போதும்.

'அண்டர்ஸ்டாண்ட்?' என்றால் மொத்த வகுப்பும் 'எஸ் மிஸ்' என்கிறது. பரிட்சை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

நீங்கள் கேட்டது கேள்வியாகவே அவர்கள் காதில் விழவில்லை. பாடத்தின் ஒரு பகுதி முடிந்தது, அடுத்ததற்குப் போகிறேன் என்ற அறிவிப்பாக விழுகிறது. அதற்கு 'எஸ் மிஸ்' என்பது ரசீது மாதிரி. தவிர, 'நோ மிஸ்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது வெறும் தகவலாக நிற்காது. 'நீங்கள் நடத்தியது விளங்கவில்லை' என்ற புகாராகவும், 'நான் மக்கு' என்ற ஒப்புதலாகவும் ஆகிவிடும். ஐம்பது பேர் நடுவில் அதை யார் சொல்வார்கள்?

'எனி டவுட்ஸ்?' என்பதும் இதே கதிதான். அதற்குப் பதில், பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கச் சொல்லுங்கள், அல்லது வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்லி மறுக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டபின் கொஞ்சம் காத்திருப்பதும் முக்கியம். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகள் பேசின. மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. நம் வகுப்பில் வேற்றுமொழி வேறு. மூன்று விநாடியும் போதாது. அந்த மௌனத்தைத் தாங்குவது பிள்ளைகளை விட ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

"கிவ் மை நோட், மிஸ்" என்கிறாள் மாணவி. மரியாதை தெரியாதா?

மரியாதை தெரிந்துதான் சொல்கிறாள். அதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தமிழில் "நோட்டு தாங்க மிஸ்" என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. வடிவத்தில் அது ஏவல் வினைதான். ஆனால் 'தா' என்பதோடு ஒட்டியிருக்கும் 'ங்க' மரியாதையை முழுதாகச் சுமக்கிறது. இன்னும் தணிவாக வேண்டுமென்றால் "கொஞ்சம் தாங்களேன்", "தர்றீங்களா". ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்ட எதுவும் இல்லை. அங்கே வாக்கியத்தின் அமைப்பே மாற வேண்டும்: "குட் ஐ ஹேவ் மை நோட்புக், மிஸ்?" மாணவி தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் அடுக்கும்போது 'ங்க' நழுவிவிடுகிறது. எஞ்சியிருப்பது 'மிஸ்' மட்டும். தன் மரியாதை முழுவதையும் அவள் அதில்தான் வைத்திருக்கிறாள்.

ஜெனி தாமஸ் 1983-ல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட சறுக்கல்களை இரண்டாகப் பிரித்தது. நோட்டு கேட்டது முதல் வகை: செய்ய நினைத்த செயல் சரி, அதற்கு எடுத்த மொழி வடிவம் பொருந்தவில்லை. இரண்டாவது வகையில் வாக்கியம் சரியாக இருக்கும். எந்தச் சூழலில் யாரிடம் எதைச் செய்யலாம் என்ற கணிப்பு இடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளரிடம் "ஹேவ் யூ ஹேட் யுவர் லஞ்ச், மேம்?" என்று பிள்ளைகள் அன்பாக விசாரித்தால், சாப்பிட அழைக்கிறார்கள் போல என்று அவர் நினைக்கலாம். நமக்கு "சாப்டாச்சா?" வணக்கத்தின் தம்பி. முதல் வகையைப் பயிற்சியால் சரிசெய்யலாம். இரண்டாவதில் ஆசிரியர் 'தப்பு' என்று சிவப்பு மை போடக்கூடாது. அங்கே இப்படி, இங்கே இப்படி என்று சொல்லிவிட்டு, எதை எடுப்பது என்பதைப் பிள்ளையிடம் விட வேண்டும்.

நயத்தகு பேச்சு, அதாவது 'பொலைட்னெஸ்' பற்றி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு பெனிலோபி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் செய்தது. முதலில் 1978-ல் நீண்ட கட்டுரையாகவும், 1987-ல் தனிப் புத்தகமாகவும் வந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், நம் தமிழ். தமிழ்ப் பேச்சு கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. பி.எட். வகுப்பில் அந்தக் கோட்பாட்டை ஏதோ வெள்ளைக்காரச் சமாசாரமாக நடத்துகிறோம். கொங்கு நாட்டுக் கிராமத்தில் யார் யாரை 'ங்க' போட்டுப் பேசினார்கள், யாரைப் போடாமல் பேசினார்கள், அதில் சாதி எப்படி வேலை செய்தது என்பதெல்லாம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது.

எல்லாவற்றோடும் 'ப்ளீஸ்' சேர்க்கச் சொன்னால் போதாதா?

போதாது. "கிவ் மை நோட் ப்ளீஸ்" இன்னும் ஏவல்தான், கொஞ்சம் கெஞ்சலோடு. ஒன்றாம் வகுப்புக்குச் சரி. ஒன்பதாம் வகுப்புக்கு அது போதாது.

இலக்கணமே தகராறாக இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

1998-ல் காத்லீன் பார்டோவி-ஹார்லிகும் சோல்டான் டோர்ன்யெயும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில வாக்கியங்களில் இலக்கணப் பிழை, சிலவற்றில் சூழலுக்குப் பொருந்தாத பேச்சு. எது எவ்வளவு மோசம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஹங்கேரியில் ஆங்கிலம் படித்தவர்களும் அவர்களின் ஆசிரியர்களும் இலக்கணப் பிழையைத்தான் பெரிதாகக் கண்டார்கள். அமெரிக்காவில் இருந்து படித்தவர்கள் பொருந்தாத பேச்சைப் பெரிதாகக் கண்டார்கள். நாம் ஹங்கேரிக்காரர்கள் பக்கம்தான் இருக்கிறோம். வகுப்புக்கு வெளியே ஆங்கிலத்தைப் புழங்காத இடத்தில் இலக்கணம் மட்டுமே கண்ணில் படும். வேலைக்குப் போன பிறகு நிலைமை மாறுகிறது. "ஹி கோ டு ஆஃபீஸ்" என்றால் மேலாளர் புரிந்துகொண்டு கடந்துவிடுவார். "சென்ட் த ரிப்போர்ட் டுடே" என்று மொட்டையாக அவருக்கே மெயில் போட்டால், ஆள் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார். இலக்கணப் பிழையை மொழிக் குறை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் குணக்குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பிழை திருத்துவதும் பேச்சுச் செயலா?

ஆம், அதுவும் சுலபமாகத் தவறவிடப்படும் ஒன்று. "எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்" என்கிறது பிள்ளை. "ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்!" என்கிறார் ஆசிரியர். அவர் திருத்தினார். பிள்ளைக்கோ, மிஸ் நம் கதையைக் கேட்கிறார் என்று பட்டது. "எஸ் மிஸ்" என்று சந்தோஷமாகத் தொடர்கிறது. ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-ல் எழுதியதில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் (55 சதவீதம்) இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வகைதான். அதில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடம் ஏதாவது எதிர்வினை வந்தது. "எஸ்டர்டே ஐ…?" என்று இழுத்து மாணவரையே முடிக்க வைக்கும் வகைக்கு எல்லா முறையும் எதிர்வினை இருந்தது. திருத்துகிறேன் என்று தெரியும்படி திருத்த வேண்டும். அதற்காக அவமானப்படுத்த வேண்டியதில்லை; புருவத்தை உயர்த்தினாலே பல பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா?

பேசாமல் இருப்பவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்குள்ள ஆங்கில வகுப்புகளில் எப்போது தமிழ் வருகிறது என்பதை ஆராய்ந்து 1995-ல் எழுதினார். பாடத்தோடு நேரடியாக ஒட்டியதற்கு ஆங்கிலம். சொந்த, நெருக்கமான, பண்பாடு சார்ந்த பேச்சுக்குத் தமிழ் என்று வேலை பிரிந்திருந்தது. இதன் மூலம் இரு மொழிகளையும் இடமறிந்து புழங்கப் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பது அவர் வாதம். தமிழ் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. கேலி, ஆறுதல், கெஞ்சல், கோபம், சமாதானம் என உயிருள்ள பேச்சுச் செயல்கள் எல்லாம் தமிழுக்குப் போய்விட்டால், ஆங்கிலத்துக்கு மிஞ்சுவது கேள்வி-பதில் மட்டும். அதனால் சிலவற்றை மட்டுமாவது ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள்: இரவல் கேட்பது, பாராட்டுவது, தாமதத்துக்குக் காரணம் சொல்வது. திட்டுவது தமிழிலேயே இருக்கட்டும். அதில்தான் நமக்குச் சரளம்.

ஒரு வகுப்பில் ஐம்பது பேர். நடைமுறையில் என்ன செய்வது?

முதலில் கேள்வி கேட்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பாடம் வாசித்து முடித்ததும் பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விக்குத் தனிப் பாராட்டு. ஆரம்பத்தில் 'ஹூ இஸ்', 'வாட் இஸ்' என்றே வரும்; சலிக்காமல் விடுங்கள்.

அப்புறம், ஒரே காரியத்தை மூன்று பேரிடம் செய்ய வைப்பது. பேனா இரவல் வேண்டும்: தோழியிடம், ஆசிரியையிடம், தலைமையாசிரியரிடம். பெஞ்சுக்கு ஒருவராக எழுந்து சொன்னாலே பதினைந்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். தோழியிடம் "குட் யூ பாசிப்ளி லெண்ட் மீ…" என்றால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் பாடம். மறுத்துப் பழக, மேலே சொன்ன எட்டு விடைகளைக் கொண்டுவாருங்கள். "வில் யூ சிங்?" என்றால் 'நோ' சொல்லக்கூடாது, உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி இவற்றில் ஒன்று. "மை த்ரோட் இஸ் பெயினிங்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். 'மை த்ரோட் ஹர்ட்ஸ்' என்று பிறகு திருத்திக்கொள்ளலாம், அவசரமில்லை.

இலக்கணப் பாடத்தில் ஏற்கெனவே இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச். அதை 'வில்' போய் 'வுட்' ஆகும் கணக்காகவே நடத்துகிறோம். "ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் டுமாரோ" என்று தலைமையாசிரியர் மாணவனிடம் சொன்னார். இதை 'ப்ராமிஸ்ட்' என்று எழுதலாமா, 'த்ரெட்டன்ட்' என்று எழுதலாமா? மாணவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை என்று ஒரு வரி சேர்த்தால்? மாணவனின் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சேர்த்தால்? வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதே பேச்சுச் செயலைக் கண்டுபிடிப்பதுதான். இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு பீரியட் முழுவதையும் கொடுக்கலாம்.

நிஜமான தேவை உள்ள பணிகளும் உதவும். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர் திட்டம் என்று பெயர் பெற்ற முயற்சியில், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிரச்சினைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதாரண, பெரிய வகுப்புகளில்தான். விழுப்புரத்துக்குக் காலை பத்து மணிக்குள் போக எந்த ரயில் என்று யோசிக்கும்போது, பிள்ளையின் கவனம் வாக்கியத்தில் இருப்பதில்லை. கேட்பதிலும் சொல்வதிலும் இருக்கிறது.

மறுக்கவும் மாற்றுக் கருத்து சொல்லவும் பழக்கினால் கட்டுப்பாடு போய்விடாதா?

வகுப்பில் மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, காதில் விழாதது போல இருப்பது, நோட்டை மறந்து வருவது எல்லாம் மறுப்புதான். அதற்குச் சொல் கொடுப்பதால் புதிதாக எதுவும் கெடாது. "ஐ திங்க் இட்ஸ் டிஃபரென்ட், மிஸ்" என்று ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று சொல்லப் பழகினால், நாளை வேலையிடத்தில் ஒரு தவறான உத்தரவு வரும்போது அது உதவும். உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம்.

தேர்வில் இது வருவதில்லையே?

கொஞ்சம் வருகிறது. வழி சொல்லும் ரோடு மேப் கேள்வி பல ஆண்டுகள் இருந்தது; அது ஏவல் வாக்கியப் பயிற்சிதான். லீவ் லெட்டர் இருக்கிறது: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…" தமிழ்நாட்டில் பள்ளி போன எவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆங்கிலத்தில் நாம் முழுதாகக் கற்றுத்தரும் வேண்டுகோள் அது ஒன்றுதான். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அரை நாள் விடுப்புக்குக்கூட "ஐ கைன்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ" என்று ஆரம்பிக்கிறார்கள். அதே கடிதத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப் செய்தியாகவும், டீம் லீடருக்கு இரண்டு வரி மெயிலாகவும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்குப் படித்த மாதிரியும் ஆகும்.

இதை வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரு பீரியடைப் பதிவு செய்யுங்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் அனுமதி முதலில். பிள்ளைகளின் பெயர்களை எழுத்தில் மாற்றிவிடுங்கள். நாற்பது நிமிடத்தையும் எழுத்தாக்க ஆசைப்படாதீர்கள். பத்து நிமிடத்தை ஒழுங்காக எழுதினாலே நாள் முழுவதும் போய்விடும். ஒவ்வொரு பேச்சுக்கும் இது என்ன செயல் என்று குறிக்கும்போது வாக்கிய வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அதற்கு அடுத்து வந்த பேச்சைப் பாருங்கள். கேட்டவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அங்கே தெரியும். இன்னொருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லி, இருவரும் எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பாருங்கள். வேறுபடும் இடங்களில்தான் பெரும்பாலும் சுவையான விஷயம் இருக்கும்.

ஆசிரியர் எத்தனை வகைச் செயல்கள் செய்தார், மாணவர்கள் எத்தனை, அதில் கேட்காமலே தொடங்கியவை எத்தனை என்று மூன்று எண்ணிக்கை போதும். வழக்கமாகச் செய்வது போலச் சூழல்களை அச்சடித்துக் கொடுத்து, 'இங்கே என்ன சொல்வீர்கள்?' என்று எழுதி வாங்கும் முறையும் உண்டு. ஷோஷானா ப்ளம்-குல்காவின் குழு 1980-களில் பல மொழிகளில் வேண்டுகோளையும் மன்னிப்பையும் அப்படித்தான் ஒப்பிட்டது. ஒரே நேரத்தில் நூறு பேரிடம் வாங்கிவிடலாம். ஆனால் கிடைப்பது, பிள்ளைகள் தாங்கள் சொல்ல வேண்டும் என்று நினைப்பது. நிஜத்தில் சொல்வதைக் கேட்க, மதிய உணவு இடைவேளையில் நோட்டு வாங்க ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பவர்களைக் கவனியுங்கள்.